இல்லமும் இறையும்: வீட்டுச் சாதனங்களின் வரி வரலாறு

பிழைப்பின் பொருட்டுத் தாயகத்தை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு வீட்டையே சுமந்து செல்கிறது. முன்னாளில் மாதுங்காவுக்கும் கரோல்பாக்குக்கும் புறப்பட்டவர்கள் காப்பி வடிகட்டியையும் இட்லிக் கொப்பரையையும் சாக்கில் வைத்துக் கட்டினார்கள். ஆட்டுக்கல்லையே புகைவண்டியில் ஏற்றிச் சென்றவர்களும் உண்டு. இன்று ஆட்டுக்கல் இருந்த இடத்தில் மின்சார மாவரைக்கும் இயந்திரம் நிற்கிறது. சொந்த வீடு வாங்கிக் குடிபுகும் நாளில், அதனோடு மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் நீர் சூடேற்றும் கருவியும் வந்து சேருகின்றன. இவற்றின் விலைச்சீட்டை எடுத்துப் பாருங்கள். பொருளின் விலைக்குக் கீழே, வரி என்று தனியே ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கும். அத்தொகைக்குப் பின்னே ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதனைச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. குடும்பத்தின் அன்றாட உழைப்பைக் குறைக்கும் ஒரு பொருள் ஆடம்பரமா, அவசியமா? அதனைத் தீர்மானிப்பவர் யார்? ஆடம்பரம் என்று தீர்ந்தால் வரி ஏறும். அவசியம் என்று தீர்ந்தால் வரி இறங்கும். பட்டியலில் ஒரு சொல் இடம் மாறினால், இலட்சக்கணக்கான அடுக்களைகளில் செலவுக் கணக்கு மாறுகிறது.

கருவிகளுக்கு வரி விதிப்பது நமக்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தறி இறை என்றும் செக்கிறை என்றும் வரிகள் குறிக்கப்பட்டுள்ளன. தறி நெய்வோனுக்கும், செக்கு ஆட்டுவோனுக்கும் வருவாய் தரும் கருவிகள். வருவாய் தருவதிலிருந்து ஒரு பங்கை அரசு பெற்றுக்கொண்டது. ஆனால் நம் காலத்து வீட்டுச் சாதனம் எவர்க்கும் வருவாய் தருவதில்லை. நேரத்தையும் ஓய்வையும் மட்டுமே தருகிறது. அதற்கு வரி விதிக்க வேறொரு நியாயம் வேண்டியிருந்தது. அந்த நியாயம் எவ்வாறு உருவாயிற்று என்று காண்போம்.

இந்திய வீட்டிற்குள் நுழைந்த நவீன சாதனங்களுள், வைத்திருப்பதற்கே அரசாங்கத்தின் அனுமதியும் ஆண்டுக் கட்டணமும் தேவைப்பட்ட முதற்பொருள் எது? நீங்கள் எந்தக் கருவியின் வழியாக இத்தகைய உரைகளைக் கேட்டுப் பழகினீர்களோ அந்த வானொலிப் பெட்டியே அது. 1927ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையம் பம்பாயில் திறக்கப்பட்டது. ஒலிபரப்பைக் கேட்க விரும்பியோர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் கட்டி உரிமம் பெறவேண்டும். அதில் எட்டு ரூபாய் கம்பெனிக்குச் சென்றது. பெட்டிகள் கடல் கடந்து வந்தமையால் அவற்றின்மீது சுங்கத் தீர்வையும் சேர்ந்தது. உரிமம் பெற்றோர் தொகை போதாமையால் கம்பெனி 1930இல் கலைந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஒலிபரப்பை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. 1936இல் அதற்கு ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் பெயர் வந்தது.

விடுதலைக்குப் பின்னரும் வானொலி உரிமம் தொடர்ந்தது. ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்திற்குச் சென்று, பதினைந்து ரூபாய் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்று வருவது நடுத்தரக் குடும்பங்களின் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. ஊர் விட்டு ஊர் மாற்றலாகிப் போகிறவர் பெட்டியோடு அந்தப் புத்தகத்தையும் பத்திரமாக எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. தொலைக்காட்சி வந்தபோது அதற்கும் உரிமம் வந்தது. வானொலி, தொலைக்காட்சி உரிமக் கட்டணங்கள் 1985இல் நீக்கப்பட்டன. பொருளை வாங்கும்போது ஒருமுறை செலுத்துவதோடு நில்லாமல், அதனை வைத்திருப்பதற்காகவும் ஆண்டுதோறும் செலுத்தும் முறை நம் இல்லங்களிலிருந்து அத்துடன் மறைந்தது.

அடுத்து, விற்பனை வரி. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் பொருள்களின் விற்பனைமீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்தது. மத்திய மாகாணம் 1938இல் மோட்டார் எண்ணெயின் விற்பனைக்கு வரி விதித்தது. எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான விற்பனை வரியை முதன்முதலில் விதித்தது சென்னை மாகாணம். இராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் முதல் நாளன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியிருந்தது. கள், சாராயத்தின் வாயிலாக வந்த வருமானம் குறையவே, அதனை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டு சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. விகிதம் மிகக் குறைவு. ஆயினும் வணிகரிடையே எதிர்ப்பு இருந்தது. அன்று சிறு ஊற்றாகத் தோன்றிய அவ்வரியே பிற்காலத்தில் மாநிலங்களின் தலையாய வருமானமாக வளர்ந்தது.

இங்கே ஒரு வழக்கைக் குறிப்பிட வேண்டும். பொருளை உற்பத்தி செய்வதற்கு வரி விதிக்கும் அதிகாரம் மத்திய அரசாங்கத்திடம் இருந்தது. விற்பதற்கு வரி விதிக்கும் அதிகாரம் மாகாணத்திடம் இருந்தது. உற்பத்தி செய்தவரே முதன்முதலில் விற்கும்போது மாகாணம் வரி கேட்கலாமா என்னும் ஐயம் எழுந்தது. சென்னை மாகாணத்தில் நிலக்கடலை எண்ணெய் ஆட்டி விற்ற ஒரு நிறுவனத்தின் வழக்கில், 1942ஆம் ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. உற்பத்தி வேறு, விற்பனை வேறு. இரண்டிற்கும் தனித்தனி வரி உண்டு என்பதே அதன் சாரம். 1945இல் பிரிவி கவுன்சிலும் இக்கருத்தையே உறுதி செய்தது. ஒரே மின்விசிறி பின்னாளில் உற்பத்தித் தீர்வை, விற்பனை வரி என்று இரண்டு சுமைகளைத் தாங்க நேர்ந்ததற்கு அடித்தளம் இங்கேதான் இடப்பட்டது.

அரசியல் சட்டம் வந்த பிறகு மற்றொரு சிக்கல் தோன்றியது. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு அது மிகவும் நெருங்கிய சிக்கல். ஒரு மாநிலத்தில் வாங்கிய பொருள் வேறொரு மாநிலத்திற்குப் போகுமானால் வரி எந்த மாநிலத்தைச் சேரும்? பொருள் புறப்பட்ட மாநிலத்தையா, போய்ச் சேர்ந்த மாநிலத்தையா? 1953இல் பம்பாய் மோட்டார் வணிகர் தொடுத்த வழக்கில், பதஞ்சலி சாஸ்திரி தலைமை நீதிபதியாக இருந்த உச்ச நீதிமன்றம், பொருள் நுகரப்படும் மாநிலமே வரி விதிக்கலாம் என்று கூறியது. இரண்டே ஆண்டுகளில், கல்கத்தாவின் மருந்து நிறுவனம் ஒன்றுக்கும் பீகார் அரசாங்கத்திற்கும் நேர்ந்த வழக்கில், அதே நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் முந்திய தீர்ப்பை மாற்றியது. மாறுபட்ட கருத்தைத் தெரிவித்த மூவருள் நீதிபதி டி.எல். வெங்கடராம அய்யரும் ஒருவர். மாநிலம் கடந்து செல்லும் வாணிபத்திற்கு நாடாளுமன்றம் இடம் தந்தாலன்றி எந்த மாநிலமும் வரி விதிக்கலாகாது என்று அந்த 1955ஆம் ஆண்டுத் தீர்ப்பு முடிந்தது.

விளைவாக 1956இல் அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தமும், அதனைத் தொடர்ந்து மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்தன. பதிவு பெற்ற வணிகரிடையே மாநிலம் கடந்து நடைபெறும் விற்பனைக்கு முதலில் நூற்றுக்கு ஒன்று என வரி விதிக்கப்பட்டது. அதனை வசூலித்து வைத்துக்கொள்ளும் உரிமை பொருள் புறப்படும் மாநிலத்திற்குக் கிடைத்தது. 1975இல் அது நூற்றுக்கு நான்காக உயர்ந்திருந்தது. கல்கத்தாவில் செய்த மின்விசிறி தில்லிக் கடைக்கு வந்து விற்றால், தில்லியில் வாங்குகிறவர் செலுத்தும் விலையில் வங்காளத்திற்குச் சேர்ந்த வரியும் அடங்கியிருந்தது. இதனால் தொழில் மிகுந்த மாநிலங்கள் பயனடைந்தன. நுகர்வோர் மிகுந்த மாநிலங்கள் இழந்தன. இவற்றுக்கு மேலே, பல வட மாநில நகரங்களில் ஊர் எல்லையிலேயே நுழைவுத் தீர்வை வசூலிக்கும் சாவடிகள் இருந்தன. ஒரே தேசமாயினும் ஒரே சந்தையாக நாம் இல்லை என்பதை, சாமான்களோடு ஊர் மாறிய ஒவ்வொரு குடும்பமும் அனுபவத்தில் அறிந்திருந்தது.

இனி உற்பத்தித் தீர்வைக்கு வருவோம். இதனை ஆயத்தீர்வை என்றும் கலால் வரி என்றும் வழங்குவர். தொழிற்சாலையின் வாயிலைப் பொருள் கடக்கும்போதே இது விழுந்துவிடும். விலைக்குள்ளேயே கலந்திருப்பதால் வாங்குகிறவர் கண்ணுக்குப் புலப்படாது. 1934இல் சர்க்கரைக்கும் தீக்குச்சிக்கும் வந்த இத்தீர்வை, 1944ஆம் ஆண்டின் மத்திய ஆயத்தீர்வை, உப்புச் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்குப் பணம் தேவைப்பட்டது. ஜான் மத்தாய் தலைமையில் அமைந்த வரி விசாரணைக் கமிஷன், நுகர்பொருள்கள்மீது தீர்வையை விரிவாக்க வேண்டும் என்று கருதியது. அதனையடுத்து 1955ஆம் ஆண்டு நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், மின்விசிறி, மின்விளக்குக் குமிழ், மின்கலம் ஆகியவை தீர்வைப் பட்டியலில் ஏறின.

அதே ஆண்டு வாக்கில்தான் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மின்சாரத்தால் சுழலச் செய்யும் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. ஒரு பக்கம் பெண்களின் தோள்வலியைப் போக்கும் கருவி பிறக்கிறது. மற்றொரு பக்கம், மின்சாரத்தால் இயங்கும் பொருள் என்றாலே வரி செலுத்தும் வசதியுடையோர் பொருள் என்ற எண்ணம் சட்டத்தில் வேரூன்றுகிறது. அக்காலத்து நிலையில் அவ்வெண்ணத்தை முற்றிலும் தவறென்று சொல்லவும் இயலாது. பெரும்பாலான கிராமங்களுக்கு மின்சாரமே சென்றிராத காலம் அது. மின்விசிறியின் கீழ் அமர்வோர் சிலராகவும், அணைக்கும் பள்ளிக்கும் பணம் வேண்டி நிற்போர் பலராகவும் இருந்தனர்.

1958இல் கோத்ரெஜ் நிறுவனம் குளிர்சாதனப் பெட்டியை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. மூன்றாண்டுகள் கழித்து, 1961ஆம் ஆண்டு, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் குளிர்சாதனப் பெட்டிகளையும் வானொலிப் பெட்டிகளையும் ஆயத்தீர்வைக்கு உட்படுத்தினார். இதன் காரணம் தெளிவானது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெளிநாட்டுப் பொருள் வருவது நின்றது. எனவே சுங்க வருமானம் குறைந்தது. இழந்த வருமானத்தை உள்நாட்டில் செய்த பொருளிடமிருந்தே பெறவேண்டியதாயிற்று. நாளடைவில் வீட்டு மின்கருவிகள் என்றே தனியொரு தலைப்பு அட்டவணையில் தோன்றியது. 1975ஆம் ஆண்டு, நிதியமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், வேறெங்கும் குறிக்கப்படாத உற்பத்திப் பொருள்கள் அனைத்திற்கும் நூற்றுக்கு ஒன்று என்று 68ஆம் இனத்தைச் சேர்த்தார். பட்டியலில் இல்லாத பொருள் என்று ஒன்று அதன்பின் அரிதாயிற்று.

இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. மின்விசிறிக்கு வேண்டிய செம்புக் கம்பிக்குத் தீர்வை. அதன்மேல் பூசும் வண்ணத்திற்குத் தீர்வை. பின்னர் விசிறிக்கே தீர்வை. அந்தத் தீர்வை சேர்ந்த விலையின்மீது விற்பனை வரி. வரியின்மேல் வரி ஏறியது. இறுதியில் வாங்கும் குடும்பம் எவ்வளவு வரி செலுத்துகிறது என்பதை அக்குடும்பத் தலைவர் மட்டுமன்று, தீர்வை அதிகாரியும் எளிதில் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

இதுகாறும் கூறியவை வாங்கும்போது விழும் வரிகள். வீட்டுடைமையாளர் ஆண்டுதோறும் செலுத்தும் நேர்முக வரிகளில் இச்சாதனங்களின் நிலை என்ன? இங்கே சட்டம் வீட்டையும் வீட்டுச் சாமானையும் வேறு வேறாக நடத்தியது.

1922ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில், ஒருவர் தம் சொந்த வீட்டில் தாமே குடியிருந்தாலும், அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ அது வருமானமாகக் கருதப்பட்டது. அத்தொகை மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்ற வரம்பு மட்டும் இருந்தது. 1961ஆம் ஆண்டின் சட்டத்தில் இக்கடுமை படிப்படியாகத் தளர்ந்தது. பிற்காலத்தில் தாமே குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு இல்லையென்றே கொள்ளப்பட்டது. வீடு வாங்கவோ கட்டவோ பழுது பார்க்கவோ பெற்ற கடனின் வட்டிக்குக் கழிவு கிடைத்தது. வாடகைக்கு விட்ட வீட்டிற்கு, பழுதுபார்ப்புச் செலவுக்காக முதலில் ஆறில் ஒரு பங்கும், 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நூற்றுக்கு முப்பதும் கழிவாகத் தரப்பட்டன. ஆனால் இந்தச் சலுகைகள் யாவும் சுவருக்கும் கூரைக்கும் உரியவை. அச்சுவர்களுக்குள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியை வாங்கிய செலவுக்கும், அதற்காகப் பெற்ற தவணைக் கடனின் வட்டிக்கும், குடியிருப்போருக்குக் கழிவு கிடையாது.

வீட்டைச் சாமான்களோடு சேர்த்து வாடகைக்கு விட்டால் நிலைமை மாறுபடும். கட்டடத்தையும் தளவாடங்களையும் பிரிக்க இயலாதவாறு ஒன்றாக விட்டிருந்தால், அவ்வருமானம் தனித் தலைப்பின்கீழ் வரும். தளவாடத்தின் தேய்மானத்திற்குக் கழிவு உண்டு. 1964இல் சுல்தான் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியது. பம்பாயில் ஓர் உணவு விடுதிக்காக விடப்பட்ட கட்டடம் அது. கட்டடத்திற்கு ஒரு வாடகையும் தளவாடங்களுக்கு வேறொரு வாடகையும் பேசியிருந்தபோதிலும், இரண்டையும் ஒன்றாக அனுபவிப்பதே இரு தரப்பாரின் கருத்தானால் அது பிரிக்க முடியாத குத்தகையே என்று நீதிமன்றம் கருதியது. ஆக, வாடகைக்காரர் பயன்படுத்தும் இயந்திரம் தேய்கிறது என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. சொந்தக்காரரின் குடும்பம் பயன்படுத்தும் இயந்திரமும் தேய்கிறது என்றாலும், அதனைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டுச் சாமானை வருமான வரிச் சட்டம் சொந்த உபயோகப் பொருள் என்று ஒதுக்கி வைத்தது. ஊர் மாற்றலாகும்போது பழைய சலவை இயந்திரத்தை விற்றால், மூலதன ஆதாயம் என்று எவரும் கணக்குக் கேட்பதில்லை; நட்டம் வந்தாலும் அதைக் காட்டிக் கழிவு பெற முடியாது. முதலில் நகைகளும் இவ்விலக்கில் அடங்கியிருந்தன. 1972ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை வெளியேற்றியது.

1950களின் பிற்பகுதியில் இதனினும் துணிவான ஒரு சோதனை நிகழ்ந்தது. கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 1956இல் இந்திய அரசாங்கத்திற்கு ஓர் அறிக்கை அளித்தார். வருமானத்தை மட்டும் பார்த்தால் போதாது. செலவையும் செல்வத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. சென்னையில் 1928இல் நுகர்பொருள் விநியோக வாணிபத்தைத் தொடங்கியவரும், பின்னர் நிதியமைச்சரானவருமான டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். வரி போக மிஞ்சும் வருமானம் 36,000 ரூபாய்க்கு மேற்பட்டோரின் செலவில், முதல் 30,000 ரூபாயை விடுத்து எஞ்சியதற்கு வரி. அன்றைய நிலையில் இது மிகச் சிலரையே தொட்டது. வருவாயோ சொற்பம், கணக்குப் பார்க்கும் தொல்லையோ பெரிது. 1962இல் மொரார்ஜி தேசாய் அதனை நீக்கினார். 1964இல் மீண்டும் நிதியமைச்சரான கிருஷ்ணமாச்சாரி அதனை மீட்டார். 1966இல் சசீந்திர சௌதுரி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். இலங்கையும் கால்டாரின் யோசனையை ஏற்று 1959இல் இவ்வரியை விதித்துப் பார்த்தது. செல்வ வரியோ 2015ஆம் ஆண்டு வரை நீடித்தது. ஆனால் தொடக்கத்திலேயே அச்சட்டம் இல்லத்துத் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் பாத்திரங்களுக்கும் விலக்களித்திருந்தது. அந்த விலக்கு நகைக்கும் பொருந்தும் என்று 1970இல் உச்ச நீதிமன்றம் கூறவே, மறு ஆண்டே முன்தேதியிட்ட திருத்தத்தால் நகை நீக்கப்பட்டது. சமையற்பாத்திரத்திற்குத் தந்த சலுகை இரும்புப் பெட்டிக்குள் நுழைவதை அரசாங்கம் விரும்பவில்லை.

பணக்காரரின் செலவை நேராக அளந்து வரி வாங்கும் முயற்சி தோற்றது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது தோற்றபின், பொருளின் பெயரைக் கொண்டு வாங்குபவரின் செல்வ நிலையை ஊகிக்கும் பழைய வழியே எஞ்சியது. குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறவர் செல்வர் என்று பட்டியல் சொன்னது. பட்டியல் எழுதிய காலத்தில் அது மெய்யே. காலம் மாறியபோது பட்டியல் அதே வேகத்தில் மாறவில்லை. மருந்தும் பாலும் கெடாமல் காக்க வேண்டிய குடும்பமும், இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பமும், சொந்த ஊரில் இருக்கும் உறவினரின் கைத்துணையின்றி வேற்று மாநிலத்தில் தனித்து வாழும் குடும்பமும், ஆடம்பரம் என்ற பெயரில் நெடுங்காலம் வரி செலுத்தின.

இம்மாற்றத்தின் அளவைத் தமிழ்நாட்டிலேயே காணலாம். 2006இல் மாநில அரசு வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கியது. 2011இல் அடுத்து வந்த அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கியது. அத்திட்டங்களைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆயினும் 1955இல் வரிக்குரியதாக எண்ணப்பட்ட மின்விசிறி, ஐம்பத்தாறு ஆண்டுகளில் ஏழைக் குடும்பத்திற்கும் இன்றியமையாதது என்று அரசாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதில் ஐயமில்லை.

வரிமுறையைச் செப்பனிடும் முயற்சிகளும் ஒருபுறம் நடந்தன. 1986இல் வி.பி. சிங் கொண்டுவந்த மாட்வாட் முறை, மூலப்பொருளுக்குச் செலுத்திய தீர்வையை இறுதிப் பொருளின் தீர்வையில் கழித்துக்கொள்ள இடமளித்தது. 1991இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர் ராஜா செல்லையா, விகிதங்களைக் குறைத்து வரிக்குரியோரை விரிவாக்க வேண்டும் என்று வழி காட்டினார். விற்பனை வரியில் மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விகிதத்தைக் குறைத்தமையால், குறைந்த வரியுள்ள இடத்தை நாடிச் சென்று சாமான் வாங்கும் வழக்கம் பரவியிருந்தது. 2000 ஜனவரி முதல் குறைந்தபட்ச விகிதங்களை ஒரே சீராக வைப்பதென மாநிலங்கள் இசைந்தன. 2005 ஏப்ரலில் பெரும்பாலான மாநிலங்களிலும், 2007 ஜனவரியில் தமிழ்நாட்டிலும் மதிப்புக் கூட்டு வரி வந்தது.

2017 ஜூலை முதல் நாள், ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் நகர நுழைவுத் தீர்வையும் ஒன்றாகி, சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 1953இல் பதஞ்சலி சாஸ்திரியின் நீதிமன்றம் சொன்ன கருத்து, அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் திரும்பியது: மாநில வரி நுகரும் மாநிலத்தையே சேரும். கோயம்புத்தூரிலிருந்து மும்பையில் இருக்கும் உங்கள் முகவரிக்கு ஒரு கிரைண்டர் அனுப்பி வைக்கப்பட்டால், மாநிலத்திற்குரிய பங்கு மகாராஷ்டிரத்திற்குப் போகிறது. நீங்கள் எந்த மாநிலத்தின் சாலையில் நடக்கிறீர்களோ, எந்த மாநிலத்தின் பள்ளிக்கு உங்கள் பிள்ளை செல்கிறதோ, அந்த மாநிலத்திற்கே நீங்கள் வரி செலுத்தியவராகிறீர்கள். வந்தேறிகள் என்று நம்மை எவரேனும் குறிப்பிடும்போது இவ்வுண்மை நினைவில் இருப்பது நன்று.

தொடக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் மிக்சியும் 28 சதவீதம் என்னும் உச்ச விகிதத்தில் வைக்கப்பட்டன. 2018 ஜூலை 27 முதல் இவை 18 சதவீதத்திற்கு இறங்கின. 32 அங்குலம் வரையிலான தொலைக்காட்சிப் பெட்டிகள் 2019 ஜனவரி முதல் அந்நிலை அடைந்தன. அதற்கு மேற்பட்டவையும், அறைக் குளிரூட்டிகளும், பாத்திரம் துலக்கும் இயந்திரங்களும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திற்கு வந்தன.

நம் மாவரைக்கும் இயந்திரத்தின் கதை தனியானது. 2017 ஜூலையில் அதற்கு 28 சதவீதம். தோசை மாவு அரைப்பது ஆடம்பரமன்று என்று கோயம்புத்தூர் உற்பத்தியாளர்கள் முறையிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் கல்லால் அரைக்கும் இயந்திரத்திற்கு 12 சதவீதம் ஆயிற்று. 2019 அக்டோபரில் 5 சதவீதம் ஆயிற்று. 2022 ஜூலை 18 முதல் மீண்டும் 18 சதவீதமாக உயர்ந்தது. ஐந்தாண்டுகளில் அதே கல், அதே மாவு, நான்கு விகிதங்கள். பொருளின் இயல்பு மாறவில்லை; அதனைப் பார்க்கும் கண்ணே மாறிக்கொண்டிருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது என்ன? வரி கூடாது என்பதன்று. அணையும் சாலையும் மருத்துவமனையும் வரியினால்தான் எழுந்தன. ஆனால் எது ஆடம்பரம் என்று தீர்ப்பளிக்கும் அவைகளில், அம்மியில் அரைத்தவர்களும் கிணற்றடியில் துவைத்தவர்களும் நெடுங்காலம் இடம் பெறவில்லை. அவர்கள் இடம் பெற்றிருந்தால் பட்டியல் சற்று விரைவாக மாறியிருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது. முறையீடு எழுந்தபோது விகிதம் இறங்கியதற்குக் கிரைண்டரே சான்று. முறையீடு ஓய்ந்தால் அது ஏறும் என்பதற்கும் அதுவே சான்று.

ஆகவே நேயர்களே, அடுத்தமுறை உங்கள் இல்லத்திற்கு ஒரு சாதனம் வாங்கும்போது விலைச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்; அதில் வரி எவ்வளவு என்று படித்துப் பாருங்கள்; பத்திரமாக வையுங்கள். ஒரு காலத்தில் அத்தொகை விலைக்குள் மறைந்திருந்தது. இன்று தனியே எழுதப்பட்டிருக்கிறது. குடிமக்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே அது எழுதப்பட்டிருக்கிறது. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், தாம் செலுத்துவது என்ன, எதன் பொருட்டு என்று அறிந்திருப்பது வீட்டுடைமையாளரின் கடமைகளுள் ஒன்றாகும்.